நஞ்சு கீழே இருக்கிறதா? ஸ்கேன் அறிக்கையின் அந்த ஒரு வரியைப் புரிந்துகொள்வோம்

ஐந்தாம் மாத ஸ்கேன் எடுத்துவிட்டு வெளியே வந்ததும் என் தங்கை போன் செய்தாள். "நஞ்சு கீழ இருக்காம்க்கா" என்று சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தாள். குழந்தைக்கு ஒரு குறையும் இல்லை, துடிப்பு நன்றாக இருக்கிறது, வளர்ச்சி சரி. அதையெல்லாம் அவள் சொல்லவே இல்லை. ஸ்கேன் எடுத்த இடத்தில் டாக்டரிடம் காட்டுங்கள் என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டார்கள். டாக்டரைப் பார்க்கப் பத்து நாள் இருந்தது. அந்தப் பத்து நாளும் அவள் படுக்கையை விட்டு எழவில்லை. கட்டிலின் கால் பக்கத்துக்கு அடியில் செங்கல் வை என்றார் அவளுடைய அத்தை. வளைகாப்பைத் தள்ளிப்போடு என்றார் பக்கத்து வீட்டுக்காரர். யார் மீதும் தப்பில்லை, எல்லாரும் அன்பில் சொன்னதுதான். ஆனால் அந்த வரிக்கு என்ன பொருள் என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

அவளுக்கு அன்று போனில் சொல்ல முடியாமல் போனதை, பிறகு படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டதை, இங்கே எழுதுகிறேன்.

முதலில் நஞ்சுக்கொடி எது?

பெயரில் 'கொடி' இருப்பதால் பலரும் நஞ்சுக்கொடியையும் தொப்புள்கொடியையும் ஒன்றாக நினைத்துக்கொள்கிறார்கள். இரண்டும் வேறு. தொப்புள்கொடி என்பது குழந்தையின் தொப்புளிலிருந்து கிளம்பும் கயிறு. அந்தக் கயிற்றின் மறுமுனை போய்ச் சேரும் இடம்தான் நஞ்சுக்கொடி. அறிக்கையில் பிளசென்டா என்று இருப்பது இதைத்தான். பேச்சில் நஞ்சு என்றே சொல்கிறோம்.

நிறைமாதத்தில் அது பெரிய ஊத்தப்பம் போல வட்டமாக இருக்கும். குறுக்கே 20 முதல் 22 செ.மீ., கனம் இரண்டு, இரண்டரை செ.மீ., எடை ஏறத்தாழ அரை கிலோ. ஒரு பக்கம் கர்ப்பப்பையின் சுவரோடு ஒட்டியிருக்கும். மறுபக்கத்திலிருந்து தொப்புள்கொடி கிளம்பும்.

குழந்தைக்கு நுரையீரல், குடல், சிறுநீரகம் எல்லாம் பிறக்கும்வரை இதுதான். தாயின் ரத்தம் ஒரு பக்கம், குழந்தையின் ரத்தம் மறுபக்கம். இரண்டும் கலப்பதில்லை. நடுவில் இருக்கும் மெல்லிய சுவர் வழியாக ஆக்சிஜனும் சத்தும் குழந்தைக்குப் போகும், கழிவு தாய்க்குத் திரும்பும். இந்த வேலைக்காக நிறைமாதத்தில் நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் மேல் தாயின் ரத்தம் கர்ப்பப்பைக்குப் போய்வருகிறது. இந்த அளவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் பல ஆபத்துகளுக்கும் அடிப்படை இதுதான்.

உயிர் வளர்க்கும் உறுப்புக்கு நஞ்சு என்று ஏன் பெயர் வைத்தார்கள் என்று நான் யோசித்ததுண்டு. பிரசவம் முடிந்தும் அது உள்ளே தங்கிவிட்டால் தாய்க்கு ஆபத்து என்பதைப் பார்த்துப் பார்த்துப் பழகிய சமூகம் வைத்த பெயராக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. மாடு கன்று ஈன்றால், நஞ்சு விழும்வரை கிராமத்தில் யாரும் தொழுவத்தை விட்டு நகரமாட்டார்கள். விழுந்த பிறகு அதை வைக்கோலில் சுற்றி ஆலமரத்தில் கட்டிவிட்டு வந்தால்தான் வேலை முடிந்ததாகக் கணக்கு.

ஸ்கேன் எப்படிப் பார்க்கிறது?

கிணற்றுக்குள் தலையை நீட்டிக் கூவினால் குரல் திரும்பி வரும். ஆழமான கிணறு என்றால் கொஞ்சம் தாமதமாக வரும். தாமதத்தை அளந்தால் ஆழத்தைச் சொல்லிவிடலாம். ஸ்கேன் கருவி செய்வதும் அதுதான். வயிற்றின் மேல் வைக்கும் பகுதி ஒலியை உள்ளே அனுப்பி, எதிரொலியை வாங்கிப் படமாக்குகிறது. மனிதக் காது நொடிக்கு 20,000 அதிர்வு வரை கேட்கும். கர்ப்பகால ஸ்கேனில் பயன்படும் ஒலி நொடிக்கு 20 லட்சம் முதல் 50 லட்சம் அதிர்வுகள் வரை போவதால் நமக்குக் கேட்பதில்லை. இதில் எக்ஸ்ரே கதிர் எதுவும் கிடையாது.

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் இயன் டொனால்ட் என்ற மகப்பேறு மருத்துவர், இரும்புக் கொதிகலனில் விரிசல் தேடும் ஒலிக்கருவியைப் பார்த்துவிட்டு, இதை மனித உடம்புக்குப் பயன்படுத்த முடியுமா என்று முயன்றார். டாம் பிரவுன் என்ற பொறியாளரும் ஜான் மக்விகார் என்ற மருத்துவரும் சேர்ந்துகொண்டார்கள். அவர்களுடைய கட்டுரை 1958ல் வெளியானது. அதற்கு முந்தைய காலத்தில் நஞ்சு கீழே இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள, ஆபரேஷன் தியேட்டரில் எல்லாவற்றையும் தயாராக வைத்துக்கொண்டு விரலால் தொட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. தொட்டதும் ரத்தம் பீறிட்டால் உடனே அறுவை. இன்று சில நிமிடத்தில் வலியில்லாமல் தெரிந்துவிடுகிறது.

'கீழே' என்றால் எங்கே?

கர்ப்பப்பையைக் கவிழ்த்துப் பிடித்த சொம்பாக நினைத்துக்கொள்ளுங்கள். அகலமான பகுதி மேலே, வாய் கீழே. பிரசவத்தில் குழந்தை வெளியே வரவேண்டிய வழி அந்த வாய்தான். நஞ்சு பெரும்பாலும் சொம்பின் மேல்பகுதியிலோ பக்கச் சுவரிலோ ஒட்டிக்கொள்ளும். சிலருக்கு வாயின் அருகே ஒட்டிவிடும்.

ஸ்கேன் டாக்டர் அளப்பது ஒரே ஒரு தூரத்தை. நஞ்சின் கீழ் ஓரத்துக்கும் கர்ப்பப்பை வாயின் உள்பக்கத் திறப்புக்கும் இடையே எத்தனை மில்லிமீட்டர்? 20 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தால் சாதாரணம். 20க்குள் இருந்து, வாயை மூடாமல் இருந்தால் 'லோ லையிங்' அல்லது தாழ்ந்த நஞ்சு. வாயின் மேலேயே படர்ந்து மூடியிருந்தால் 'பிளசென்டா ப்ரீவியா'. ஊரில் நஞ்சு கீழே என்று ஒரே பெயரில் சொல்வது இந்த இரண்டையும்தான். இரண்டுக்கும் வித்தியாசம் நிறைய.

ஆனால் அதைவிடப் பெரிய வித்தியாசம், எந்த மாதத்தில் அளந்தது என்பது.

வீட்டுக் கொல்லையில் பூசணி பிஞ்சாக இருக்கும்போது, காம்புக்குப் பக்கத்தில் நகத்தால் ஒரு கோடு கீறி வையுங்கள். ஒரு மாதம் கழித்துப் பாருங்கள். கோடு காம்பைவிட்டு எட்டப் போயிருக்கும். கோடு நகரவில்லை. காம்புக்கும் கோட்டுக்கும் நடுவிலிருந்த தோல் வளர்ந்திருக்கிறது. கர்ப்பப்பையின் கீழ்ப்பகுதியும் இப்படித்தான். ஐந்தாம் மாதத்தில் அது குறுகலாக இருக்கும். கடைசி மூன்று மாதத்தில்தான் நன்றாக விரிந்து நீளும். அதோடு ஒட்டியிருக்கும் நஞ்சின் ஓரமும் வாயைவிட்டு மேலே விலகிப்போகும். இன்னொன்றும் நடக்கிறது. ரத்த ஓட்டம் குறைவான கீழ் ஓரம் மெல்லத் தேய, ஓட்டம் அதிகமுள்ள மேல்பக்கம் செழிக்கும். பாகற்கொடி நிழல் பக்கம் காய்ந்து வெயில் பக்கம் படர்வதைப் போல.

இதனால்தான் ஐந்தாம் மாதத்தில் தாழ்ந்திருப்பதாகச் சொல்லப்பட்ட நஞ்சு, பத்தில் ஒன்பது பேருக்குப் பிரசவத்துக்கு முன்பே விலகிவிடுகிறது. நிறைமாதத்திலும் ப்ரீவியாவாக நீடிப்பது ஏறத்தாழ 200 கர்ப்பத்துக்கு ஒன்று. ஏற்கெனவே சிசேரியன் ஆனவர்களுக்கும், வாயை முழுமையாக மூடியிருப்பவர்களுக்கும் அப்படியே நீடிக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம்.

எனவே ஐந்தாம் மாத அறிக்கையில் நஞ்சு கீழே என்று இருந்தால், அது தீர்ப்பு இல்லை. இன்னொரு முறை பார்க்க வேண்டும் என்ற குறிப்பு. 32 வாரம் வாக்கில் மறு ஸ்கேன். அப்போதும் விலகாவிட்டால் 36 வாரத்தில் இன்னொன்று. பிரசவம் எப்படி என்பதை அதற்குப் பிறகுதான் முடிவு செய்வார்கள்.

அந்த அளவு எப்போது தப்பாக வரும்?

ஸ்கேனுக்கு முன் ஒரு லிட்டர் தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள், நாம் பயத்தில் இரண்டு லிட்டர் குடித்துவிடுகிறோம். சிறுநீர்ப்பை கர்ப்பப்பையின் கீழ்ப்பகுதிக்கு நேர் முன்னால் இருக்கிறது. அது முட்டிக்கொண்டு நிற்கும்போது கர்ப்பப்பையின் முன் சுவரையும் பின் சுவரையும் சேர்த்து அழுத்தும். வாய் இருக்கும் இடம் மேலே ஏறினாற்போலத் தெரியும். தூரமாக இருக்கும் நஞ்சும் வாயை மூடியதுபோலப் படத்தில் வந்துவிடும். சிறுநீர் கழித்துவிட்டு வரச்சொல்லி மறுபடி பார்த்தால் நஞ்சு கீழே இல்லவே இல்லை என்றும் ஆகலாம். அந்த நேரத்தில் வயிறு ஒரு நிமிடம் இறுகினாலும் இதே குழப்பம் வரும்.

சரியான அளவுக்கு டி.வி.எஸ். எனப்படும், பிறப்புறுப்பு வழியாகப் பார்க்கும் ஸ்கேன்தான் நம்பகமானது. கேட்டதும் நிறைய பெண்கள் மறுத்துவிடுகிறார்கள். கூச்சம் ஒரு பக்கம். நஞ்சு கீழே இருக்கும்போது உள்ளே எதையும் விடலாமா என்ற பயம் இன்னொரு பக்கம். அந்தப் பயத்துக்கு ஒரு காரணம் இருக்கிறது. ப்ரீவியா இருக்கும்போது கர்ப்பப்பை வாய்க்குள் விரல் விட்டுப் பார்ப்பது உண்மையிலேயே ஆபத்து. ஆனால் இந்த ஸ்கேன் கருவி வாய்க்குள் போவதில்லை. வாய்க்கு இரண்டு, மூன்று செ.மீ. முன்பே நின்று அங்கிருந்து பார்க்கிறது. ப்ரீவியா உள்ளவர்களுக்கும் இது பாதுகாப்பானது என்று பல ஆண்டு அனுபவம் காட்டியிருக்கிறது.

அப்புறம் அந்தச் செங்கல். கட்டிலைச் சாய்த்துப் படுத்தால் நஞ்சு மேலே ஏறாது. அது சுவரோடு ஒட்டிய உறுப்பு, தொட்டிலில் படுத்திருக்கும் பிள்ளை இல்லை. ரத்தப்போக்கு இல்லாதவர்களுக்கு முழுநேரப் படுக்கை ஓய்வு உதவுவதாக நல்ல சான்று கிடையாது. மாதக்கணக்கில் படுத்தே கிடந்தால் காலில் ரத்தம் உறையும் அபாயம்தான் கூடுகிறது. கனமான வேலையைக் குறைப்பது, தாம்பத்திய உறவைத் தள்ளிவைப்பது போன்றவற்றைத் தூரத்தையும் மாதத்தையும் பார்த்து டாக்டர் சொல்வார். அதோடு போதும்.

முன்பக்கம், பின்பக்கம், கிரேடு 3

அறிக்கையில் நஞ்சைப் பற்றி இன்னும் சில சொற்கள் இருக்கும். ஆன்டீரியர் என்றால் முன் சுவர். போஸ்டீரியர் என்றால் பின் சுவர். ஃபண்டல் என்றால் மேல் கூரை. மூன்றும் இயல்பான இடங்களே. முன் சுவரில் இருந்தால் குழந்தையின் உதைக்கும் உங்கள் வயிற்றுக்கும் நடுவில் ஒரு மெத்தை வைத்ததுபோல இருக்கும், அசைவு சற்றுத் தாமதமாகத் தெரியும். முன்னால் இருந்தால் பெண், பின்னால் இருந்தால் ஆண் என்றொரு பேச்சு உலவுகிறது. அதில் உண்மை எதுவும் இல்லை. கருவின் பாலினத்தைத் தெரிவிப்பது 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியாவில் குற்றம். அதனால்தான் அறிக்கையில் மறைமுகமாகத் தேடுகிறார்கள் போலிருக்கிறது.

கிரேடு 0 முதல் கிரேடு 3 வரை என்பது நஞ்சின் முதிர்ச்சி. நாள் ஆக ஆக அதில் சுண்ணாம்புச் சத்து படிந்து வெண்புள்ளிகள் தெரியும். நிறைமாதத்தில் கிரேடு 3 என்பது நரைமுடி மாதிரி, வயதின் அடையாளம். எட்டாம் மாதத்துக்கு முன்பே கிரேடு 3 வந்தால் மட்டும் குழந்தையின் வளர்ச்சியைக் கூடுதலாகக் கவனிப்பார்கள்.

இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். ப்ரீவியாவையும் முன்பு ஒன்று முதல் நான்கு வரை தரம் பிரித்தார்கள். சில அறிக்கைகளில் இன்றும் அந்தப் பழைய முறை தொடர்கிறது. ஒருத்தருக்கு முதிர்ச்சி கிரேடு 3, இன்னொருத்தருக்கு ப்ரீவியா டைப் 3. இரண்டு பேரும் ஓரகத்திகளாக இருந்து அறிக்கையை ஒப்பிட்டுப் பார்த்தால் வீட்டில் என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அறிக்கையில் எண்ணைப் பார்த்தால் அது முதிர்ச்சியா, இடமா என்று முதலில் கேளுங்கள்.

இதுவரை பார்த்தது நஞ்சு இருக்கும் இடத்தைப் பற்றி. இடம் மாதத்தோடு மாறும், எனவே பொறுத்திருந்து மறுபடி பார்க்கலாம். இனி வருவது, அது எப்படி ஒட்டியிருக்கிறது என்பது. அதில் பொறுத்திருந்து பயனில்லை.

பழைய தழும்பின் மேல் நஞ்சு

பழுத்த இலை காம்பைவிட்டுத் தானாகக் கழல்வதுபோல, பிரசவம் முடிந்த சிறிது நேரத்தில் நஞ்சு சுவரைவிட்டுப் பிரிந்து வந்துவிட வேண்டும். அப்படிப் பிரிவதற்கென்றே நஞ்சுக்கும் கர்ப்பப்பையின் தசைக்கும் நடுவில் மெல்லிய உட்சவ்வு ஒன்று இருக்கிறது. சிசேரியன் செய்து தைத்த இடத்தில் இந்த உட்சவ்வு சரியாக உருவாவதில்லை. அடுத்த கர்ப்பத்தில் நஞ்சு அந்தத் தழும்பின் மேலேயே ஒட்டினால், தடுக்க ஆளில்லாமல் தசைக்குள்ளேயே வேர் விட்டுவிடும்.

பழைய கோயில் மதிலின் இடுக்கில் முளைத்த அரசங்கன்றைப் பிடுங்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கன்று தனியாக வராது, சுண்ணாம்பும் செங்கல்லும் சேர்ந்து வரும். தசைக்குள் வேர்விட்ட நஞ்சைப் பிடுங்கினாலும் அப்படித்தான். இதற்கு 'அக்ரீட்டா' என்று பெயர். லேசாக ஊன்றியதிலிருந்து, கர்ப்பப்பைச் சுவரைத் துளைத்து முன்னாலிருக்கும் சிறுநீர்ப்பை வரை போனது வரை பல நிலைகள் உண்டு.

நிமிடத்துக்கு அரை லிட்டர் என்று முன்பு சொன்னேன். ஒரு கர்ப்பிணியின் உடம்பில் மொத்தம் இருப்பதே ஐந்து, ஆறு லிட்டர் ரத்தம். தெரியாமல் நஞ்சைப் பிரிக்கப் போனால் அந்தக் குழாய்கள் அத்தனையும் திறந்துகொள்ளும். எவ்வளவு நேரம் இருக்கிறது என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

அமெரிக்காவில் சுமார் 30,000 சிசேரியன்களை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2006ல் வெளியானது. ப்ரீவியா இருந்த பெண்களை மட்டும் எடுத்துப் பார்த்தார்கள். அதற்கு முன் சிசேரியனே ஆகாதவர்களில் 100க்கு 3 பேருக்கு அக்ரீட்டா. ஒருமுறை ஆனவர்களில் 11. இரண்டு முறை ஆனவர்களில் 40. மூன்று முறை ஆனவர்களில் 61. ஒவ்வொரு தழும்புக்கும் எண் எப்படி ஏறுகிறது பாருங்கள்.

இந்த எண்களைப் படித்தபோது எனக்கு நம் ஊர்தான் ஞாபகம் வந்தது. 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 100 பிரசவத்தில் 45 சிசேரியன். இந்திய அளவில் அது 21.5. தேவையான இடத்தில் சிசேரியன் உயிர் காக்கிறது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் நல்ல நாள் பார்த்து, நேரம் குறித்து, வலிக்குப் பயந்து செய்துகொள்ளும்போது, அடுத்த கர்ப்பத்தில் இப்படியொன்று காத்திருக்கலாம் என்று யாரும் சொல்வதில்லை. முதல் சிசேரியன் முடிவாகும் மேஜையிலேயே இதைச் சொல்ல வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஸ்கேனில் இதை முன்கூட்டியே சந்தேகிக்க முடியும். நஞ்சுக்குள் ஒழுங்கற்ற ரத்தக் குளங்கள் தெரிவது, நஞ்சுக்கும் தசைக்கும் நடுவில் இருக்க வேண்டிய கறுப்புக் கோடு காணாமல் போவது, தசைச்சுவர் காகிதமாக மெலிந்திருப்பது, சிறுநீர்ப்பையின் எல்லைக்கோடு அறுந்து தெரிவது ஆகியவை அடையாளங்கள். தனியாக ஓரிரு ரத்தக் குளங்கள் இருந்தால் பயப்பட வேண்டாம், பலருக்கும் இருக்கும். பழைய தழும்பு, தாழ்ந்த நஞ்சு, இந்த அடையாளங்கள் என மூன்றும் சேரும்போதுதான் கவலை.

முன்பே தெரிந்துவிட்டால் கதையே வேறு. பெரிய மருத்துவமனையில், ரத்தத்தை ஏற்பாடு செய்துவைத்து, மகப்பேறு மருத்துவரோடு மயக்க மருத்துவர், சிறுநீரக அறுவை மருத்துவர், பச்சிளங்குழந்தை மருத்துவர் எல்லாரும் இருக்கும்போது, 34 முதல் 36 வாரத்துக்குள் பிரசவத்தை வைத்துக்கொள்வார்கள். குழந்தையின் நுரையீரல் முதிர்வதற்காக முன்கூட்டியே ஊசி போடுவார்கள். பெரும்பாலும் நஞ்சைப் பிரிக்காமல் கர்ப்பப்பையோடு எடுத்துவிடுவார்கள். கேட்கக் கடினமாக இருக்கிறது. தாயும் பிள்ளையும் வீட்டுக்கு வருவதற்கான வழி அது.

ஆகவே ஏற்கெனவே சிசேரியன் ஆனவர்கள் ஸ்கேன் அறைக்குள் நுழைந்ததும் அதைச் சொல்லிவிடுங்கள். தாய்சேய் நல அட்டையில் இருக்கிறதே என்று விட்டுவிட வேண்டாம். நஞ்சு பழைய தையலின் மேல் இருக்கிறதா என்ற ஒரு கேள்வியை உங்கள் வாயாலேயே கேளுங்கள்.

நஞ்சு விலகிய பிறகும் கவனிக்க வேண்டிய ஒன்று

தொப்புள்கொடி பொதுவாக நஞ்சின் நடுப்பகுதியில் வந்து இறங்கும். நூற்றில் ஒருவருக்கு அது நஞ்சில் இறங்காமல் பக்கத்திலுள்ள சவ்வில் இறங்கிவிடும். அங்கிருந்து ரத்தக்குழாய்கள் பாதுகாப்பு எதுவும் இல்லாமல் சவ்வு வழியாக நஞ்சுக்கு ஊர்ந்து போகும். அந்தக் குழாய்கள் கர்ப்பப்பை வாயின் குறுக்கே ஓடினால் அதற்கு 'வாசா ப்ரீவியா' என்று பெயர். பனிக்குடம் உடையும்போது குழாயும் கிழியலாம். அதில் ஓடுவது குழந்தையின் ரத்தம். பிறக்கப்போகும் குழந்தையின் உடம்பில் மொத்தமே 300 மில்லிக்குள்தான் ரத்தம் இருக்கிறது, ஒன்றிரண்டு டம்ளர் அளவு.

தாழ்ந்த நஞ்சின் கீழ் ஓரம் தேய்ந்து மேலே விலகும் என்று சொன்னேன் இல்லையா? சிலசமயம் நஞ்சின் திசு தேய்ந்துவிடும், அதிலிருந்த ரத்தக்குழாய்கள் மட்டும் கீழேயே தங்கிவிடும். அதனால் 32 வாரத்தில் நஞ்சு விலகிவிட்டது என்று தெரிந்தாலும், வாயின் மேல் குழாய் எதுவும் ஓடுகிறதா என்று, ரத்த ஓட்டத்தைக் காட்டும் வண்ண டாப்ளர் ஸ்கேனில் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. செயற்கைக் கருத்தரிப்பு செய்தவர்களுக்கும், நஞ்சு இரண்டு துண்டாக இருப்பவர்களுக்கும் இது இன்னும் முக்கியம்.

155 வாசா ப்ரீவியா கர்ப்பங்களைத் தொகுத்து 2004ல் ஓர் ஆய்வு வந்தது. முன்பே ஸ்கேனில் தெரிந்திருந்த குழந்தைகளில் 97 சதவீதம் பிழைத்தன. தெரியாமல் போனவற்றில் 44 சதவீதம். கர்ப்பகால ஸ்கேனால் முடிவு இந்த அளவு மாறும் பிரச்சினைகள் சிலவே. கண்டுபிடித்துவிட்டால் செய்ய வேண்டியது, பனிக்குடம் உடைவதற்கு முன் திட்டமிட்ட சிசேரியன். அவ்வளவுதான்.

ஓட்டத்தைக் கேட்பது

இடத்தையும் ஒட்டுதலையும் பார்த்தாயிற்று. நஞ்சு நல்ல இடத்தில் நன்றாக ஒட்டியிருந்தும் வேலை செய்யாமல் இருக்கலாம். அதை டாப்ளர் ஸ்கேன் காட்டும். ஆம்புலன்ஸ் நம்மை நோக்கி வரும்போது சைரன் கீச்சென்றும், தாண்டிப் போனபின் தணிந்தும் கேட்கிறதல்லவா, அந்த மாற்றம்தான் டாப்ளர் விளைவு. ஓடும் ரத்தத்தில் பட்டுத் திரும்பும் ஒலியிலும் அதே மாற்றம் இருக்கும். அதை வைத்து ரத்தம் எந்தப் பக்கம், எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று அறியலாம்.

தூர்வாரிய வாய்க்காலில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினால், ஊற்றி முடித்த பிறகும் அது தொடர்ந்து ஓடும். தூர்ந்துபோன வாய்க்காலில் ஊற்றும்போது மட்டும் நகரும், பிறகு நின்றுவிடும். அடைப்பு மோசமானால் திரும்பியே வரும். தொப்புள்கொடியில் பார்ப்பது இதைத்தான். குழந்தையின் இதயம் அழுத்தும்போது ரத்தம் நஞ்சுக்குப் பாயும். இதயம் ஓய்வெடுக்கும் கணத்திலும் ஓட்டம் தொடர்ந்தால் நஞ்சு ஆரோக்கியமாக இருக்கிறது. அந்தக் கணத்தில் ஓட்டம் நின்றால் எச்சரிக்கை. திரும்பி வந்தால் அவசரம். வளர்ச்சி குறைந்த குழந்தையை எத்தனை நாள் உள்ளே விடலாம், எப்போது வெளியே எடுக்க வேண்டும் என்பதை இதைக்கொண்டே கணிக்கிறார்கள்.

தாயின் பக்கத்து வாய்க்காலையும் பார்க்க முடியும். கர்ப்பத்தின் முற்பாதியில் நஞ்சின் செல்கள் தாயின் குறுகலான ரத்தக்குழாய்களை அகலப்படுத்துகின்றன. அந்த வேலை அரைகுறையாக நின்றால் குழந்தை வளர்ச்சி குறையலாம், தாய்க்கு ரத்த அழுத்தம் கூடிச் சிறுநீரகம், கல்லீரல் வரை பாதிக்கும் ப்ரீ எக்லாம்சியா வரலாம். மூன்றாம் மாத ஸ்கேனிலேயே தாயின் கர்ப்பப்பைத் தமனியைப் பார்த்து, ரத்த அழுத்தம், ரத்தப் பரிசோதனை ஆகியவற்றோடு சேர்த்துக் கணித்து, ஆபத்து அதிகமுள்ளவர்களுக்கு இரவில் 150 மி.கி. ஆஸ்பிரின் கொடுத்துப் பார்த்தார்கள். 2017ல் வெளியான அந்த ஆய்வில், 37 வாரத்துக்கு முன்பே பிரசவம் பார்க்க வைக்கும் ப்ரீ எக்லாம்சியா 100க்கு 4.3லிருந்து 1.6 ஆகக் குறைந்தது. 16 வாரத்துக்கு முன்பே தொடங்கினால்தான் நல்ல பலன். கடையில் வாங்கி நாமாகப் போடுகிற மாத்திரை இல்லை இது, டாக்டர் சொன்னால் மட்டுமே.

ஸ்கேன் காணாதது

நன்றாக இருக்கும் நஞ்சு, குழந்தை பிறக்கும் முன்பே சுவரைவிட்டுப் பிரிந்துவிடுவது உண்டு. அதை 'அப்ரப்ஷன்' என்பார்கள். நஞ்சுக்குப் பின்னால் ரத்தம் தேங்கும். புதிதாகத் தேங்கிய ரத்தமும் நஞ்சும் ஸ்கேன் படத்தில் ஒரே சாம்பல் நிறத்தில் தெரிவதால், இப்படிப் பிரிந்தவற்றில் பாதிக்கும் மேல் ஸ்கேனில் தெரியாமலே போகிறது.

அதனால் வயிறு கல்லாக இறுகித் தொடர்ந்து வலித்தால், ரத்தம் போனால், குழந்தையின் அசைவு குறைந்தால், நேற்றுதான் ஸ்கேன் எடுத்தோம், எல்லாம் நார்மல் என்றார்கள் என்று வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள். ப்ரீவியாவில் போகும் ரத்தம் பெரும்பாலும் வலியே இல்லாமல் பளிச்சென்ற சிவப்பாக வரும், அப்ரப்ஷனில் வலி இருக்கும், ரத்தம் உள்ளேயே தேங்கி வெளியே கொஞ்சமாகவும் வரலாம். இரண்டில் எது என்று நீங்கள் பிரித்துப் பார்க்க வேண்டியதில்லை. 108ஐ அழையுங்கள், பழைய ஸ்கேன் அறிக்கைகளைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.

என் தங்கைக்கு 32 வாரத்தில் மறு ஸ்கேன் எடுத்தார்கள். நஞ்சின் ஓரம் வாயிலிருந்து 38 மி.மீ. தள்ளியிருந்தது. குறுக்கே குழாய் எதுவும் இல்லை. தள்ளிப்போட்ட வளைகாப்பை அடுத்த வாரமே வைத்தோம். சுகப்பிரசவம். பிள்ளையை என் கையில் கொடுத்துவிட்டு, நர்ஸம்மா அந்த நஞ்சை ஒரு தட்டில் விரித்து, ஓரம் ஓரமாகத் தடவி, ஏதாவது ஒரு துண்டு உள்ளே தங்கிவிட்டதா என்று வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "முழுசா வந்திருச்சு" என்றார்.